ஏழு தோல்களும் ஒரு புற்றும்: அழிவு என்கிற பதிவு குறித்து

ஓர் உயிரினம் அழிந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறோம்? இருக்கிறது என்று சொல்ல ஒன்றைப் பிடித்துக் காட்டினால் போதும். இல்லை என்பதற்கு எதைக் காட்டுவது? தேடினோம், கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல முடியும். யார் தேடியது, எங்கே தேடியது, எந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடியது என்ற கேள்விகள் அப்புறம் வருகின்றன. பெரும்பாலும் வருவதே இல்லை.

இந்தக் கேள்வியோடு இரண்டு உயிர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கத் தோன்றியது. ஒன்று, மத்திய இந்தியக் காடுகளின் ஒரு சிறு ஆந்தை. 1884க்குப் பிறகு நூற்றுப்பதின்மூன்று வருஷம் அது உயிரோடு கண்டதற்கு நம்பத்தக்க பதிவே இல்லை. அழிந்துபோயிருக்கும் என்றே பலரும் கணக்கை முடித்துவிட்டார்கள். இன்னொன்று, ஐப்பசி மழை விழுந்த சில நாட்களில் கோவில்பட்டியைச் சுற்றிய ஓடைக்கரைகளிலும் செவக்காட்டு ஓரங்களிலும் முளைக்கிற புற்றுக்காளான். ஆந்தையையும் காளானையும் ஒப்பிடுவதா என்று சிரிக்கலாம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்றும் கேட்கலாம். எனக்கு வேலை பறவையிலோ பூஞ்சையிலோ இல்லை. அவற்றைப் பற்றி எழுதப்பட்டதிலும் எழுதப்படாததிலும் இருக்கிறது.

ஆந்தையின் கதை ஒரு சுங்க அதிகாரியிடமிருந்து தொடங்குகிறது. ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்றால் நமக்கு 1885இல் காங்கிரசைத் தொடங்கிய வெள்ளைக்காரர், பள்ளிப்பாடத்தில் அவ்வளவுதான். அதற்கு முன்னால் 1867 முதல் 1870 வரை அவர் உள்நாட்டுச் சுங்க ஆணையர். உப்புவரி தப்பிப் போகாமலிருக்க வட இந்தியாவின் குறுக்கே கருவேல், இலந்தை, சப்பாத்திக்கள்ளி என்று முள்ளையே வேலியாக வளர்த்துக் காவல் போட்டிருந்தார்களே, அந்தத் துறை. பிறகு 1871 முதல் 1879 வரை வருவாய், வேளாண்மை, வணிகத் துறையின் செயலாளர். இத்தனைக்கும் நடுவே இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளையெல்லாம் சேகரித்தார். 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்று பறவைகளுக்காக ஒரு பத்திரிகையும் நடத்தினார். ஆசிரியரும் அவர்தான், பெரும்பகுதியை எழுதியவரும் அவர்தான். (சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது புரியும்.)

1872இல், இன்றைய சத்தீஸ்கரில் பஸ்னா அருகே, எஃப். ஆர். பிளூவிட் என்பவர் ஒரு சிறு ஆந்தையைச் சுட்டு எடுத்தார். 1873இல் ஹியூம் அதற்குத் தனிப் பேரினமே ஏற்படுத்தி 'ஹெட்டிரோகிளாக்ஸ் பிளூவிட்டி' என்று பெயர் வைத்தார். முதல் சொல்லுக்கு 'வேறான ஆந்தை' என்று பொருள். இரண்டாவது சுட்டவர் பெயர். 1877இல் ஒரிசாவின் காரியார் பக்கம் நிலவியலாளர் வாலண்டைன் பால் பார்த்து எடுத்தார். 1880களின் தொடக்கத்தில் மேற்குக் காந்தேஷில் அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் டேவிட்சன் சில எடுத்தார். எல்லாம் சேர்த்து ஏழே தோல்கள். கடைசித் தோலின் வருஷம் 1884.

பறவைத்தோல் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பறவையைச் சுட்டு, அறுத்து, சதையை எடுத்துவிட்டு, உள்ளே பஞ்சடைத்துத் தைத்து, காலில் ஒரு சீட்டுக் கட்டுவார்கள். சீட்டில் தேதி, ஊர், ஆணா பெண்ணா, எடுத்தவர் யார் என்று இருக்கும். அறிவியலுக்குத் தோலைவிடச் சீட்டு முக்கியம். சீட்டு இல்லாத தோல் வெறும் பஞ்சுப் பொம்மை.

இந்தச் சீட்டுகளின் தேதிகளை நம் பக்கத்துத் தேதிகளோடு வைத்துப் பார்க்கிறேன். 1876 முதல் 1878 வரை நாம் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்கிற பஞ்சம். சென்னை மாகாணத்தில் மட்டும் செத்தவர்கள் முப்பது லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான், 1881 குடிக்கணக்கில் விழுந்த பள்ளத்தை வைத்துப் பின்னால் போட்ட கணக்கு. டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்புக்கூடுகளாய் உட்கார்ந்திருந்த மக்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். படங்கள் உலகமெல்லாம் போயின. அவற்றில் இருக்கிற ஒருவரின் பெயரும் நம்மை வந்து சேரவில்லை. 1877இல் காரியாரில் ஓர் ஆந்தையின் காலில் ஊரும் தேதியும் எழுதிக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆட்சி இது. ஹியூமை மட்டும் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. விவசாயியை அரசு கவனிக்கவில்லை என்று அவரே எழுதினார். 1879இல் பதவியையும் இழந்தார். பாலும் சும்மா பறவை சுட்டுத் திரிந்த ஆள் இல்லை. மான்பூம், ஹசாரிபாக் ஜில்லாக்களில் மக்கள் காட்டிலிருந்து எடுத்துத் தின்கிற பொருள்களைப் பட்டியல் போட்டு 1867இலேயே கட்டுரை எழுதியவர். தனிமனிதர்களின் நல்லெண்ணம் வேறு, எது சீட்டுக்கு உரியது எது உரியதில்லை என்று பிரிக்கிற ஏற்பாடு வேறு.

ஹியூமின் கையெழுத்துப் பிரதிகள் என்னாயின என்பது நமக்கு ரொம்பத் தெரிந்த மாதிரியான கதை. 1880களின் நடுவில் சிம்லா வீட்டில் அவர் இல்லாத நேரம் வேலைக்காரர் ஒருவர் அந்தக் காகிதங்களைக் கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டார். இருபத்தைந்து வருஷக் குறிப்புகள் பொட்டலம் மடிக்கப் போயின. மனம் உடைந்த ஹியூம் 1885இல் சேகரிப்பு முழுவதையும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 63,000 தோல்கள், 18,500 முட்டைகள். எழுத்து கடைத்தெருவுக்கு, தோல் லண்டனுக்கு.

அந்த லண்டன் இழுப்பறைகளுக்குள்தான் அடுத்த திருட்டு நடந்தது. கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் பிரிட்டிஷ் பறவையியலில் ஒரு காலத்தில் பெரிய பெயர். கென்யாவில் நந்தி மக்களின் தலைவர் கொய்தாலெல் அரப் சமொயியை 1905இல் சமாதானப் பேச்சுக்கு என்று வரவழைத்துச் சுட்டுக் கொன்றவரும் இவர்தான். 1919இல் தோல்களை அனுமதியில்லாமல் எடுத்துப்போகிறார் என்று அருங்காட்சியகத்தின் பறவை அறைக்குள் வரத் தடை போட்டார்கள். பிறகு நீக்கியும் விட்டார்கள். கனவான் அல்லவா. டேவிட்சன் காந்தேஷில் எடுத்த ஆந்தைத் தோல்களில் ஒன்றை இந்த மனிதர் எடுத்துப்போய், அவிழ்த்து மறுபடி அடைத்துத் தைத்து, 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் நானே எடுத்தது என்று புதுச்சீட்டு எழுதிக் கட்டினார். இப்படி ஆந்தைக்கு வாழாத முப்பது வருஷமும், அன்றைக்கு யாரும் அதைப் பார்த்திராத ஓர் ஊரும் கிடைத்தன. (இதே 1914இல் நியூசிலாந்தில் மவோரிகள் 'வெகாவ்' என்று சொல்லும் சிரிப்பு ஆந்தை ஒன்று ஜூலையில் செத்துக் கிடந்தது. அதற்கப்புறம் உறுதியான பதிவு இல்லை. அது நிஜமாகவே போய்விட்டது. அதற்குப் பொய்ச்சீட்டுக் கட்டக்கூட ஆள் வரவில்லை.)

சலீம் அலியும் டில்லன் ரிப்ளியும் இந்த ஆந்தையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. தவறான ஊர்ச்சீட்டு தேடலை வேறு பக்கம் திருப்பியிருந்ததும் ஒரு காரணம். 1990களில் பமேலா ராஸ்முஸன் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் தெற்காசியப் பறவைகள் பற்றிய புத்தக வேலைக்காக இழுப்பறைகளைத் திறந்து தோல்களைப் பார்க்கத் தொடங்கினார். தோல் தைக்கும் விதம் கையெழுத்து மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும். மைனர்ட்ஸ்ஹாகனின் ஆந்தைக்குள் டேவிட்சனின் கை இருந்தது. எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்து, பொய்யை நைஜல் காலருடன் சேர்ந்து 1999இல் எழுதினார். அதற்கு முன்பே குஜராத்துச் சீட்டைத் தள்ளிவைத்துவிட்டு, உண்மையான சீட்டுகளின் ஊர்களுக்குக் கிளம்பியிருந்தார். பென் கிங், டேவிட் அபட் இருவரும் கூட வந்தார்கள். கிழக்கே தேடிக் கிடைக்காமல் மேற்கே வந்தார்கள். 1997 நவம்பர் 25 அன்று ஷஹாதாவுக்குப் பக்கத்தில், சாத்பூரா அடிவாரத்தில், இலை உதிர்ந்த மரத்தில் ஆந்தை உட்கார்ந்திருந்தது. பகலில். இந்த இனம் பகலில் நடமாடும் ஆந்தை. மொட்டைக் கிளையில் வெட்டவெளியில் உட்காரும். ஒளிந்துகொண்டெல்லாம் இருக்கவில்லை.

ஷஹாதா என்றதும் நம் தோழர்கள் சிலருக்கு வேறு நினைவு வரும். 1972இல் பில் ஆதிவாசிகள் கைவிட்டுப்போன நிலத்தையும் சரியான கூலியையும் கேட்டு ஷ்ரமிக் சங்கட்டனாவாகத் திரண்ட ஊர் அது. பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சாராயப் பானைகளை உடைத்த ஊர். அது தபதிப் பள்ளத்தாக்கு, காந்தேஷ். அதாவது இன்னொரு கரிசல். கரிசல் என்றால் கோவில்பட்டியும் இடைசெவலும்தான் என்று இலக்கியம் படித்தே பழகிவிட்டோம். தக்காணத்தின் பெரிய கரிசல் அங்கே கிடக்கிறது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றபோது விலையேற்றம் காந்தேஷிலும் திருநெல்வேலிச் சீமையிலும் ஒரே காலத்தில் வந்து இறங்கியது. அங்கே சமவெளிக் காடு பருத்திக்காடாயிற்று, பில்கள் மலையடிவாரத்துக்கு நகர்ந்தார்கள், ஆந்தையும் அதே அடிவாரத்தில் எஞ்சியது. நூறு வருஷம் கழித்து இருவரும் ஒரே காட்டுத்துண்டில் இருக்கிறார்கள். அதிலும் ஒருவருக்குத்தான் 1872 தேதி போட்ட சீட்டு இருக்கிறது. அதனால் ஆந்தை மீண்டும் 'கிடைத்த' பிறகு வந்த பறவை அறிக்கைகளில் அது உரிமையாளர், உழுகிறவர் 'ஆக்கிரமிப்பாளர்'. 2006இன் வன உரிமைச் சட்டம் வந்தபோதும் ஆதிவாசி கையில் என்ன சான்று இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

அந்த நூற்றுப்பதின்மூன்று வருஷமும் அங்கே இருந்தவர்கள் ஆந்தையைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? மராத்தியில் சிறு ஆந்தைக்குப் பிங்களா என்று பெயர். விடியுமுன்னே வந்து வீட்டு வாசலில் குறிசொல்லும் ஒரு சமூகத்தாரையும் அதே பெயரில்தான் அழைக்கிறார்கள், நம் சாமக்கோடாங்கி மாதிரி. ஆந்தைக் குரலைக் கேட்டுப் பொருள் சொல்வது அவர்கள் தொழில். புள்ளி ஆந்தையையும் காட்டு ஆந்தையையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்களா என்று 1997க்கு முன் போய்க் கேட்ட ஆள் யாரும் என் வாசிப்பில் தட்டுப்படவில்லை. கேட்டிருந்தாலும் அது 'தகவல்' ஆகியிருக்கும், பதிவு ஆகியிருக்காது.

இனி காளான்.

கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். இப்படி மூச்சுவிடுகிற மண்ணில் பெரிய புற்று எழுந்து நிற்பது அரிது. அதனால் எங்கள் பக்கம் காளான் தேடுகிறவர்கள் நடுக்கரிசலுக்குப் போகமாட்டார்கள். செவலும் கரிசலும் கலக்கிற ஓரம், ஓடைக்கரை, கண்மாய்க்கரை, குருமலை அடிவாரம் என்று போவார்கள். ஆண்டு மழை எழுநூறு மில்லிமீட்டரை ஒட்டி. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். இடி இடித்தால் காளான் கிளம்பும் என்பது இங்கே சின்னப்பிள்ளைகளுக்கும் தெரியும்.

புற்றுக்குள் நடப்பது இது. கரையான் சருகையும் சுள்ளியையும் மென்று விழுங்கிக் கழித்து, அந்தக் கழிவால் தேனடை மாதிரி ஒரு கூடு கட்டுகிறது. அதில் பூஞ்சை வளர்கிறது. மரச்சத்தைச் செரித்துக்கொடுப்பது பூஞ்சை. பழுத்த அடையைத் தின்பது கரையான். ஏறத்தாழ மூன்று கோடி வருஷத்து விவசாயம் என்கிறார்கள். மழை இறங்கியதும் அந்த அடையிலிருந்து வேர்போல நீண்ட தண்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. பிடுங்கும்போது தண்டு நீண்டுகொண்டே போகும். அடியில் புற்றோடு இருக்கிற உறவு அது. இதை மனிதன் இன்றுவரை கடைக்குப் போடுகிற அளவுக்குப் பயிரிட முடியவில்லை. கொட்டகையில் வைக்கோல் வைத்து வளர்ப்பது சிப்பிக்காளான். ஓட்டலில் 'காளான் ஃபிரை' என்று தருவது மொட்டுக்காளான். புற்றுக்காளானுக்குக் கரையான்தான் சம்சாரி.

எழுத்தில் இது எப்போது வருகிறது என்று தேடினால் ஆச்சரியம். கரையான் புற்றுக்குள் பூஞ்சைத்தோட்டம் இருப்பதை ஐரோப்பிய அறிவியலில் முதலில் எழுதியவர் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு வைத்தியராக வந்த யொஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயசின் மாணவர். தஞ்சாவூர்ச் சீமையில் பார்த்ததை 1779இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். நம் மண்ணின் கரையானும் காளானும் ஆந்தைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பதிவாகிவிட்டன. ஆனால் அது விநோதமாகப் பதிவாயிற்று, பெயரோடு பதிவாகவில்லை. 1871இல் இலங்கையிலிருந்து போன அரிசிக்காளானுக்கு பெர்க்லியும் புரூமும் இங்கிலாந்தில் பெயர் கொடுத்தார்கள். பேராதனைத் தோட்டத்தில் டாம் பெட்ச் 1906இல் புற்றுப்பூஞ்சை பற்றி விரிவாக எழுதினார். 'டெர்மிடோமைசஸ்' என்ற பேரினப்பெயர் பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஐம் 1942இல் வைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையைச் சேர்ந்த கே. நடராஜன் 1979இல் தென்னிந்தியப் புற்றுக்காளான் ஒன்றைத் தனி இனமாகப் பிரித்தபோது 'டெர்மிடோமைசஸ் ஐமிஐ' என்று அந்தப் பிரெஞ்சுக்காரர் பெயரையே வைத்தார். ஆந்தையின் வாலில் பிளூவிட், காளானின் வாலில் ஐம். வைத்தவர் நம் ஆள் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

ஆப்பிரிக்காவின் உதாரணம் இன்னும் கூர்மையானது. ஜாம்பியாவில் மழைக்காலத்தில் சாலையோரம் நின்று விற்கிற புற்றுக்காளான் ஒன்றின் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியும். உண்ணக்கூடிய காளான்களில் உலகத்திலேயே பெரியது. அது அறிவியல் பெயர் பெற்றது 1980இல்! குடை பிடிக்கிற அளவுக்குப் பெரிய பொருள் சாலையோரத்தில் கண்ணெதிரே விற்றுக்கொண்டிருந்தது. சுமந்து வந்த பெண்கள் அதற்கு ஒரு பெயர் வைத்துத்தானே கூவியிருப்பார்கள்?

தமிழில் என்ன இருக்கிறது என்பதுதான் என் துறை. சங்கப் பாட்டில் காளானுக்கு ஆம்பி, காளாம்பி என்று பெயர். சிறுபாணாற்றுப்படையில் வறுமைப்பட்ட பாணனின் அடுக்களை வருகிறது. கழிகள் கழன்று விழுகிற பழைய சுவர், அதைக் கரையான் கூட்டம் அரித்து உதிர்த்த புழுதி, அந்தப் புழுதியில் காளான். கரையானையும் காளானையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்த்த கண் அது. கோனிக்குக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. நம் தமிழாசிரியர்கள் இதை வறுமையின் வருணனை என்று சொல்லித் தாண்டிப் போவார்கள். வகுப்பில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சமைக்காத அடுப்பில் காளான் பூத்தது என்று புறநானூற்றிலும் வருகிறது. காளான் தமிழ் எழுத்தில் எப்போதும் இல்லாமையின் அடையாளம். இன்றைக்கும் 'காளான் மாதிரி முளைச்சிருக்கானுக' என்றால் வசைதான். அதைத் தின்று பசியாறினவர்களின் பக்கத்திலிருந்து ஒரு பாட்டு இல்லை.

ஆந்தைக்கு வேறு இடம். கூகை, குடிஞை, ஆந்தை என்று அதற்கு எத்தனை பெயர்! சுடுகாட்டுக் கூகையைப் பாடிய ஒரு புலவரின் சொந்தப் பெயரே காணாமற்போய், பாட்டில் வந்த கூகைக்கோழி என்ற சொல்லால் அவர் கூகைக்கோழியார் ஆனார், புறநானூறு 364. ஆளின் பெயர் அழிந்து பறவையின் பெயர் நிற்கிறது. அதே தொகையில் 267, 268 ஆகிய எண்களில் பாட்டு இல்லை. எண் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சிட்டபோதே அப்படித்தான். ஏடுகளைத் தின்றதும் அதே கரையான்தான்; 'செல்லரித்த ஏடு' என்கிறோம். கிடைக்காத அந்த இரண்டு பாட்டுக்காக நாம் வருத்தப்பட முடிகிறது, ஏனென்றால் எண் இருக்கிறது. தொகுத்தவர் கண்ணிலேயே படாமல் விட்டுப்போன பாட்டுகளுக்கு எண் கிடையாது, வருத்தமும் கிடையாது.

இங்கேதான் நான் வர நினைத்த இடம். அழிந்துபோவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. ஒருவர் 'மறைந்தார்' என்று பத்திரிகையில் போட வேண்டுமானால் முன்பே அவர் பத்திரிகையில் தோன்றியிருக்க வேண்டும், மற்றவர்கள் செத்துப்போகிறார்கள். ஆந்தை தோலும் சீட்டும் பெயருமாக இழுப்பறைக்குள் இருந்தது, அதனால் வெளியே அதைக் காணோம் என்பது ஒரு செய்தியாக முடிந்தது. காளான் வருஷாவருஷம் உடம்போடு வருகிறது, இழுப்பறையில் அதற்கு இடம் இல்லை. ஒரு வருஷம் அது வராமல் போனால் யாருடைய பட்டியலில் அந்த இடம் காலியாகத் தெரியும்? உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் உலகத்துப் பறவையினங்கள் ஏறத்தாழப் பதினோராயிரமும் மதிப்பிடப்பட்டுவிட்டன. பெயர் தெரிந்த பூஞ்சைகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். 2025 மார்ச் வரை மதிப்பிட்டவை சுமார் 1,300.

ஃபூக்கோவின் பெயரை இழுக்காமல் அறிவு, அதிகாரம் என்று எழுத முடியாத ஒரு காலம் நம் பத்திரிகைகளில் இருந்தது. அந்தச் சொற்களை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் ரணஜித் குஹா 1983இல் செய்து காட்டியதற்கே ஓர் எல்லை இருக்கிறது. கலகக்காரனைப் பற்றி அதிகாரி எழுதிய அறிக்கையைத் தலைகீழாக வாசித்தால் கலகக்காரன் கிடைப்பான். அதற்கு எதிரியின் எழுத்தாவது வேண்டுமல்லவா? காளானைப் பற்றி எதிரிகூட ஒன்றும் எழுதவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும், நம் நண்பர்களிடமிருந்தே: பதிவில் இல்லாமலிருப்பதுதான் விடுதலை, மக்கள் அறிவு மக்களிடம் இருக்கட்டும், எழுத்து வந்தால் அதிகாரம் வரும் என்று. கேட்க நன்றாயிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலைப் பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். பசலிக்குப் பசலி எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற கணக்கு அது. பருத்தி வரும், உளுந்து வரும், கம்பு வரும். கருங்கண்ணிப் பருத்திக்குக் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கே வரிசையில் எண்ணே கொடுத்திருக்கிறது. 1901இலிருந்து இருக்கிற நிலையம். கருங்கண்ணி காட்டைவிட்டுப் போனாலும் அந்த எண் நிற்கும். காளான் முளைக்கிற ஓரம் அடங்கலில் 'தரிசு'. ஆடு மேய்கிற இடம், விறகு பொறுக்குகிற இடம், காளானும் ஈசலும் எடுக்கிற இடம் எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறது. தரிசு என்பது வெறுமனே பதிவின்மை இல்லை. இங்கே ஒன்றுமில்லை என்று முத்திரை வைத்துச் சொல்கிற பதிவு. மைனர்ட்ஸ்ஹாகன் சீட்டு இல்லாத ஊரில் ஓர் ஆந்தையை எழுதிவைத்தார். வருவாய்த்துறை இருக்கிற ஊரில் ஒன்றுமில்லை என்று எழுதிவைக்கிறது. எந்தப் பொய் அதிகச் சேதம் செய்தது என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

1990களிலிருந்து கயத்தாறு பக்கம் காற்றாலைகள் எழுந்தபோதும், 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் வந்தபோதும், இப்போது எங்கள் பக்கப் புஞ்சைகளில் தகடு பதிக்கிறபோதும் பேச்சு ஒரே மாதிரி: சும்மா கிடந்த நிலம். காற்றாலை வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. ஆனால் சுற்றுவேலி போட்ட பிறகு அங்கே எந்த உயிர் போயிற்று, யாருடைய ஐப்பசி மாதத்துக் குழம்பு போயிற்று என்று கேட்கக் கையில் ஒரு தாளும் இல்லை. குழம்பு யாருடையது என்பதையும் சொல்லவேண்டும். சொந்தமாக நிலம் வைத்திருக்கிறவர் பெரும்பாலும் காளான் தேடிப் போவதில்லை. அடுத்தவர் ஓரத்தில் நடக்கிறவர்கள்தான் போகிறார்கள்: ஆடு மேய்ப்பவர்கள், களையெடுக்கப் போகும் பெண்கள், பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பிள்ளைகள். எல்லோரும் தின்றாலும் எடுப்பது சிலர்தான். இதற்குச் சாதி முகவரி உண்டு என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் செய்யாததைத் தனியாளாக நண்பர்களை வைத்துக்கொண்டு செய்த காரியம். அந்த வழியிலேயே, எங்கள் பக்கத்துக் காளான் பெயர்களைச் சேர்க்கலாமென்று நண்பர்கள் மூன்று பேர் போன ஐப்பசியில் இறங்கினோம். எந்தப் பெயர், எந்த மண், எத்தனை மழைக்கு அப்புறம், தின்பதா தின்னக்கூடாததா என்று நாலு பத்தி போட்ட நோட்டு. புத்துக்காளான், அரிசிக்காளான், நாய்க்குடை என்று பொதுவில் தெரிந்தவை முதல் பக்கத்திலேயே முடிந்துவிட்டன. அதற்கப்புறம் வந்தவை ஊருக்கு ஊர் மாறின. ஒரே காளானுக்கு நாலு மைல் தள்ளி வேறு பெயர். ஒரே பெயருக்கு வேறு காளான். எங்களுக்கு அதிகம் சொன்னது எட்டயபுரம் ரோட்டுப் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒரு பெரியம்மா. அறுபது வயதிருக்கும். பெயர்களைச் சலிக்காமல் சொன்னார். குடையைத் திருப்பி அடிமடிப்பைப் பார்க்கவேண்டிய விதத்தையும் சொன்னார். ஐந்தாவதாக ஒரு பத்தி போட்டு 'இடம்' என்று எழுதிவிட்டுக் கேட்டேன்.

"எடத்த எதுக்குத் தம்பி எழுதுறீங்க?"

"எங்கன மொளைக்குதுன்னு தெரியணும்ல பெரியம்மா."

"எங்களுக்குத் தெரியும்லா. பேர எழுதிக்கிடுங்க. எடத்த எழுதுனா நாளைக்கி ஆரு வந்து நிப்பாகளோ."

சீட்டில் ஊர் இல்லாவிட்டால் தோலுக்கு மதிப்பில்லை என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. நோட்டில் இப்போது நாற்பத்தொரு பெயர்கள் இருக்கின்றன. ஐந்தாவது பத்தி காலியாக இருக்கிறது. நிரப்பியே தீரவேண்டும் என்கிறார் நண்பர்களில் ஒருவர். இல்லையென்றால் தகடு பதிக்க வருகிறவனிடம் எதைக் காட்டுவாய் என்று கேட்கிறார். இன்னொருவர் அந்தப் பத்தியையே கோடு போட்டு அடித்துவிடு என்கிறார். கார்த்திகை முழுக்க இதே சண்டைதான்.